கேமராவைக் கடைசியில் வாங்கலாம்: ஆவணப்படம் பற்றிய வாசகர் கேள்விகள்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ‘எந்த கேமரா வாங்கலாம்?’ என்றே தொடங்குகின்றன. அதற்கு ஒரே ஒரு கடிதத்தில் பதில் சொல்லிவிட்டு, கேட்க வேண்டிய மற்ற கேள்விகளுக்கு இடம் ஒதுக்கியிருக்கிறோம்.

விஸ்காம் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். ஆவணப்படம்தான் எடுப்பேன் என்று வீட்டில் சொல்லிவிட்டேன். அம்மாவின் நகையை அடகு வைத்து மூன்று லட்சம் தருவதாக அப்பா சொல்கிறார். எந்த கேமரா வாங்கலாம்?
*– மாணவி, தேனி*

நகை பீரோவிலேயே இருக்கட்டும். மூன்று லட்ச ரூபாய் கேமரா மூன்று வருடத்தில் பழசாகிவிடும், அடகு வட்டி மட்டும் பழசாகாது. கேமராவையும் லென்ஸையும் நாள் வாடகைக்கு எடுங்கள். 24-105 மி.மீ. போன்ற ஒரே ஒரு ஜூம் லென்ஸ் போதும். லென்ஸ் மாற்றிக்கொண்டிருக்கும் நேரத்தில்தான் நடக்க வேண்டியது நடந்து முடியும்.

சொந்தமாக வாங்குவதாக இருந்தால் இந்த வரிசையில் வாங்குங்கள்: காதை முழுக்க மூடும் ஹெட்போன், வயர்லெஸ் காலர் மைக் ஒரு செட், காற்றுச் சத்தம் தடுக்கும் ரோம உறையோடு, கோலில் நீட்டிப் பிடிக்கும் ஒரு பூம் மைக், வீடியோவுக்கான தலை உள்ள ட்ரைபாட், இரண்டு ஹார்ட் டிஸ்க். படம் கொஞ்சம் சொரசொரப்பாக இருந்தால் பார்ப்பவர் பொறுத்துக்கொள்வார். பேச்சு புரியவில்லை என்றால் ஐந்தாவது நிமிடத்தில் எழுந்து போய்விடுவார்.

இப்போதைக்குக் கையில் இருக்கும் போனே போதும். ஒரு டீக்கடையை ஒரு வாரம் எடுத்து நான்கு நிமிடப் படமாக வெட்டிப் பாருங்கள். ஒவ்வொரு ஷாட்டையும் மனதில் பத்து எண்ணும்வரை அசைக்காமல் பிடியுங்கள். நொடிக்கு 25 ஃப்ரேம், ஷட்டர் 1/50 என்று வையுங்கள். நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் அதோடு பொருந்தாத ஷட்டரில் டியூப்லைட் வெளிச்சம் படபடக்கும். மலிவான எல்இடி பல்பு சில நேரம் 1/50-லும் படபடக்கும், அங்கே ஷட்டரைச் சற்று மாற்றி மாற்றிப் பாருங்கள்.

ஃபிலிம் இன்ஸ்டிட்யூட்டில் படித்தால்தான் மதிப்பா?
*– வாசகர், விழுப்புரம்*

இல்லை. ஆனால் புனே (தொடக்கம் 1960), கொல்கத்தா சத்யஜித் ரே நிறுவனம் (1995), டெல்லி ஜாமியா மில்லியாவின் மாஸ் கம்யூனிகேஷன் மையம் (1982), நம் தரமணி எம்.ஜி.ஆர். நிறுவனம் ஆகியவற்றில் இடம் கிடைத்தால் விடாதீர்கள். பாடத்தை விட, உடன் படிப்பவர்கள்தான் அங்கே கிடைக்கும் சொத்து. கிடைக்காவிட்டால் ஓர் எடிட்டரிடம் ஒரு வருடம் உதவியாளராக இருங்கள். அடுத்தவர் எடுத்த ரஷ்ஷை, அதாவது வெட்டாத மூலக் காட்சிகளைப் பார்த்துப் பார்த்துத்தான், தான் எடுக்கும்போது எதை எடுக்கத் தவறுகிறோம் என்பது புரியும்.

வீட்டில் வைத்து எடுத்த நேர்காணல்கள் எல்லாவற்றிலும் ஃபேன் சத்தம். சாஃப்ட்வேரில் எடுத்துவிடலாம் என்கிறார்களே?
*– திருச்சி வாசகர்*

ஃபேனின் ‘உர்ர்’ மாதிரி ஒரே சீரான இரைச்சலை ஓரளவு குறைக்கலாம். அதிகம் குறைத்தால் குரல் தண்ணீருக்குள்ளிருந்து வருவது போல் ஆகும், ‘ஸ’, ‘ச’ எல்லாம் கரைந்துவிடும். பாதி அளவு குறைத்துவிட்டு நிறுத்துங்கள். ஃபேன் தெரிகிற ஒரு ஷாட்டை அந்த நேர்காணலுக்குச் சற்று முன்னால் வையுங்கள். கண்ணில் பட்ட பொருளின் சத்தத்தைக் காது மன்னித்துவிடும்.

அடுத்த முறைக்கு: ஃபேனை நிறுத்துங்கள். மே மாதம் என்றால் இருபது நிமிடம் பேசுங்கள், பத்து நிமிடம் ஃபேன் போட்டு ஓய்வு கொடுங்கள். ஃப்ரிட்ஜையும் நிறுத்துங்கள். நிறுத்தும்போது உங்கள் பைக் சாவியை ஃப்ரிட்ஜுக்குள் வைத்துவிடுங்கள், திரும்பப் போடாமல் ஊருக்குக் கிளம்ப முடியாது. காலர் மைக் மோவாய்க்குக் கீழே ஒரு சாண் தூரத்தில் இருக்க வேண்டும். பெண்களிடம் பொருத்தும்போது தாலிச் செயின் மைக்கில் உரசுகிறதா என்று கேளுங்கள். பட்டு, பாலியெஸ்டர் புடவைகள் சரசரக்கும், பருத்தி சரசரக்காது. மைக்கைச் சுற்றி மருந்துக்கடையில் கிடைக்கும் காகித டேப்பை ஒட்டினால் உரசல் பெருமளவு போய்விடும். மைக்கை எங்கே, எப்படி வைப்பது என்று சொல்லிவிட்டு, அவர்களையே பொருத்திக்கொள்ளச் சொல்வது நல்லது.

ரெக்கார்டரில் உச்ச அளவு மைனஸ் 12 டெசிபலைத் தொட்டால் போதும். பூஜ்ஜியத்தைத் தொட்டால் சத்தம் உடையும், உடைந்ததை ஒட்டவைக்க வழி இல்லை. பேச்சு முடிந்ததும் யாரும் அசையாமல் ஒரு நிமிடம் அந்த அறையின் அமைதியை மட்டும் பதிவு செய்யுங்கள். ஒவ்வொரு அறைக்கும் ஓர் அமைதி உண்டு. எடிட்டில் வாக்கியங்களுக்கு இடையே வெட்டும்போது அந்தப் பள்ளத்தை அதை வைத்துத்தான் நிரப்ப முடியும்.

இன்னொன்று, நீங்கள் ‘ம்... ம்...’ கொட்டாதீர்கள். தலையை மட்டும் ஆட்டுங்கள். பதில் முடிந்ததும் உடனே அடுத்த கேள்விக்குத் தாவாமல் நான்கைந்து நொடி காத்திருங்கள். உண்மையான பதில் பல நேரம் அதற்குப் பிறகுதான் வரும்.

தூத்துக்குடி உப்பளத் தொழிலாளர்களை ஒன்றரை வருடமாகப் படம் எடுக்கிறேன். 90 மணி நேர ஃபுட்டேஜ் சேர்ந்துவிட்டது. திறந்து பார்க்கவே பயமாக இருக்கிறது. எங்கிருந்து தொடங்குவது? இன்னொரு சந்தேகம்: பகலில் எடுத்ததில் உப்பு சாம்பல் நிறமாகவும் முகங்கள் கரியாகவும் தெரிகின்றன.
*– வாசகர், தூத்துக்குடி*

இரண்டாவது சந்தேகத்தை முதலில் முடித்துவிடுவோம். கேமராவின் மீட்டர் எதைப் பார்த்தாலும் நடுத்தர சாம்பல் என்றே நினைக்கும். உப்பு மேட்டைக் காட்டினால் வெளிச்சத்தைக் குறைத்துவிடும், முகம் இருண்டுவிடும். ஆட்டோவை விடுங்கள். முகத்துக்கு வெளிச்சம் அளந்து வையுங்கள், உப்பின் விளிம்பு கொஞ்சம் வெளுத்தால் பரவாயில்லை. உச்சி வெயிலில் ஐஎஸ்ஓ (கேமராவின் ஒளி உணர்திறன்) 100, ஷட்டர் 1/50 வைத்தால் எஃப் 22 அளவுக்கு லென்ஸை மூட வேண்டிவரும். அதை எஃப் 4-க்குக் கொண்டுவர ஐந்து ஸ்டாப் என்டி ஃபில்டர், அதாவது லென்ஸுக்கு முன் மாட்டும் வெளிச்சம் குறைக்கும் கண்ணாடி தேவை (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் பாதியாகும்). பின்னால் நிறம் திருத்த வசதியாக மங்கலாகப் பதிவு செய்யும் லாக் முறையில் எடுப்பதால் ஐஎஸ்ஓ 800 என்றால் எட்டு ஸ்டாப். ஃபில்டர் இல்லாமல் ஷட்டரை ஏற்றிச் சமாளித்திருந்தால், மண்வெட்டி வீசும் கைகள் வெட்டி வெட்டி நகர்வது போல் தெரியும். உப்பளத்தில் வெயில் ஏறுவதற்கு முன், இருட்டோடு வேலை தொடங்குகிறது என்பது உங்களுக்குத் தெரிந்ததுதான். படமும் அந்த நேரத்தில்தான் நன்றாக அமையும். வீட்டுக்கு வந்ததும் ட்ரைபாடின் கால்களை ஈரத் துணியால் துடைத்துக் காயவிடுங்கள், உப்புக்காற்று திருகுகளை அரித்துவிடும்.

இப்போது 90 மணி நேரம். எடிட்டிங் சாஃப்ட்வேரைத் திறக்காதீர்கள். முதல் வேலை முழுவதையும் பார்ப்பது. ஒரு நாளைக்கு ஆறு மணி நேரம் என்றால் 15 நாள். வேகமாக ஓட்டிப் பார்க்காதீர்கள். ஒரு நோட்டிலோ எக்செல்லிலோ ஃபைல் பெயர், நேரம், யார், என்ன நடக்கிறது, பிறகு உங்களுக்கு என்ன தோன்றியது என்று எழுதுங்கள். கடைசியாகச் சொன்னதுதான் முக்கியம். முதல் முறை பார்க்கும்போது சிரிப்பு வந்ததா, தொண்டை அடைத்ததா என்பது இருபதாவது முறை பார்க்கும்போது உங்களுக்கு மறந்துபோயிருக்கும்.

அடுத்தது பேச்சை எழுத்தாக்குவது. கையால் எழுதினால் ஒரு மணி நேரப் பேச்சுக்கு நான்கு முதல் ஆறு மணி நேரம் ஆகும். கணினியே எழுதித் தரும் கருவிகள் தமிழுக்கும் வந்துவிட்டன, ஆனால் தூத்துக்குடிப் பேச்சை அவை படுத்தும் பாடு தனிக் கதை. தேடுவதற்கு மட்டும் அவற்றைப் பயன்படுத்துங்கள், சப்டைட்டிலுக்கு நம்பாதீர்கள்.

பிறகு ஒவ்வொரு காட்சிக்கும் ஒரு அட்டை. ‘பாத்தி மிதித்தல்’ என்று எழுதினால் அது காட்சி அல்ல. ‘கூலி உயர்வு கேட்கலாமா வேண்டாமா என்று பாத்தி மிதித்துக்கொண்டே இருவர் வாதாடுகிறார்கள்’ என்பதுதான் காட்சி. அப்படி எழுத முடியாத அட்டைகளைத் தனியே வையுங்கள், அவை இடைநிரப்புக்கு உதவும். மீதி அட்டைகளைச் சுவரில் ஒட்டி இடம் மாற்றிப் பாருங்கள். ஓர் அட்டைக்கும் அடுத்த அட்டைக்கும் நடுவே ‘அதனால்’ அல்லது ‘ஆனால்’ என்று சொல்ல முடிந்தால் சரி. ‘அப்புறம்... அப்புறம்...’ என்று மட்டுமே வந்தால் அங்கே படம் தொய்கிறது. ஐப்பசி மழையில் உற்பத்தி நின்று, மழைக்குப் பின் மறுபடி பாத்தி கட்டுவது என்ற இயற்கையான வட்டம் உங்களுக்குக் கைகொடுக்கும். ஆனால் அதை மட்டுமே நம்பினால் படம் காலண்டராகிவிடும்.

சுவரில் ஓட்டைகள் தெரியும். எடுக்காமல் விட்ட காட்சிகளின் பட்டியல் அதுதான். அடுத்த மழைக்கு முன் போய் எடுத்துவிடுங்கள். அதன் பிறகே எடிட்டிங் சாஃப்ட்வேரின் டைம்லைன். 90 மணி நேரம் முதலில் 12 மணி நேரமாகும், பிறகு மூன்று மணி நேரமாகும், அது ஒன்றரை மணி நேர ரஃப் கட், அதாவது முதல் முழு வரைவு ஆகும். இந்த விஷயமே தெரியாத ஐந்து பேருக்கு அதைப் போட்டுக் காட்டுங்கள். ‘நன்றாக இருக்கிறதா?’ என்று கேட்டால் எல்லோரும் நன்றாக இருக்கிறது என்றே சொல்வார்கள். ‘இந்த அம்மாவுக்கு என்ன வேண்டும்? எந்த இடத்தில் போனை எடுத்துப் பார்க்கத் தோன்றியது?’ என்று கேளுங்கள்.

ஹார்ட் டிஸ்க் மேஜையிலிருந்து விழுந்துவிட்டது. ‘டிக் டிக்’ என்று சத்தம் மட்டும் வருகிறது. ஒரே பிரதிதான்.
*– வாசகி, கும்பகோணம்*

மறுபடி மறுபடி சொருகிப் பார்ப்பதை இந்த நொடியே நிறுத்துங்கள். உள்ளே படிக்கும் முனை சேதமாகியிருக்கலாம். ஒவ்வொரு முறை மின்சாரம் கொடுக்கும்போதும் அது தட்டைக் கீறும். சாதாரண கம்ப்யூட்டர் கடையில் திறக்கக் கொடுக்காதீர்கள். தூசியில்லாத அறை வைத்திருக்கும் டேட்டா மீட்பு நிறுவனத்துக்கு மட்டும் கொடுங்கள். செலவு டிஸ்க் விலையைப் போலப் பல மடங்கு ஆகும்.

மற்றவர்களுக்குக் கணக்கு இது. நொடிக்கு 100 மெகாபிட் அளவில் 4கே எடுத்தால் ஒரு மணி நேரத்துக்கு 45 ஜிபி. மேலே உப்பளக் கடிதத்தில் வந்த 90 மணி நேரம் என்றால் சுமார் 4 டிபி. மூன்று பிரதி என்றால் 12 டிபி. இந்தச் செலவை முதல் நாளே பட்ஜெட்டில் எழுதுங்கள். இரண்டு பிரதி வேறு வேறு டிஸ்க்கில், மூன்றாவது வேறு ஒரு வீட்டில். வெறுமனே இழுத்துப் போட்டுவிட்டு அளவு சரியா என்று பார்ப்பது போதாது. நகலெடுத்த ஒவ்வொரு பைட்டையும் ஒப்பிட்டுச் சரிபார்க்கும் சாஃப்ட்வேர்கள் இருக்கின்றன, அவற்றால் நகலெடுங்கள். இரண்டு பிரதிகளையும் திறந்து ஓட்டிப் பார்க்கும்வரை கேமரா கார்டை ஃபார்மட் செய்யாதீர்கள். எஸ்எஸ்டி வேகமானது, ஆனால் மின்சாரம் கொடுக்காமல் வருடக்கணக்கில் பெட்டியில் வைக்க ஏற்றதல்ல.

மூன்று மாதம் படமெடுத்த பிறகு ஒரு பெண், ‘என்னைப் போட வேண்டாம்’ என்கிறார். கையெழுத்து வாங்கியிருக்கிறேன். என்ன செய்வது?
*– பெயர் வேண்டாம், மதுரை*

கையெழுத்து உங்களை வழக்கிலிருந்து காக்கலாம். அவரை அது எதிலிருந்தும் காக்காது. முதலில் தனியாக உட்கார்ந்து காரணம் கேளுங்கள். கணவருக்குத் தெரிந்துவிட்டதா, வேலை போய்விடும் என்ற பயமா, ஊர்க்காரர் மிரட்டினார்களா? ஒரே ஒரு வாக்கியம்தான் அவரை உறுத்துகிறது என்றால் அதை வெட்டினால் போதும். முகம் வேண்டாம் என்றால் கை, முதுகு, நிழல் என்று மீண்டும் எடுக்கலாம், குரலை மாற்றலாம். முழுவதும் வேண்டாம் என்றால் எடுத்துவிடுங்கள். ஒருவர் இல்லாவிட்டால் நிற்காத படத்துக்கு அந்த ஒருவரிடம் கையெழுத்து மட்டும் வாங்கியது, தொடக்கத்திலேயே செய்த பிழை.

ஒப்புதல் படிவம் தமிழில், ஒரு பக்கத்துக்குள் இருக்கட்டும். படத்தின் பொருள், எங்கெல்லாம் காட்டப்படும் (விழா, டிவி, இணையம்), காலவரம்பு இல்லை என்பது, பணம் உண்டா இல்லையா, உங்கள் போன் எண் இவை போதும். அதை வாய்விட்டுப் படித்துக் காட்டி, அவர் சரி என்று சொல்வதையும் கேமராவில் பதிவு செய்யுங்கள். இணையம் என்றால் என்ன என்று விளக்குங்கள். ‘உங்கள் சம்பந்தி வீட்டு போனிலும் இது வரும்’ என்றால் புரியும். ஆபத்தில் இருப்பவர்களிடம் ரஃப் கட்டைக் காட்டி இரண்டாம் முறை கேளுங்கள்.

குழந்தைகள் விஷயத்தில் சில இடங்களில் விருப்பத்துக்கே இடமில்லை. பாலியல் குற்றத்தால் பாதிக்கப்பட்ட குழந்தையின் அடையாளத்தை வெளியிடுவதை 2012-ன் போக்சோ சட்டம் 23-வது பிரிவு தடுக்கிறது. பெற்றோர் அனுமதித்தாலும் செல்லாது. குழந்தையின் நலன் கருதிச் சிறப்பு நீதிமன்றம் மட்டுமே அனுமதிக்க முடியும். முகத்தை மங்கலாக்கினால் போதும் என்று நினைப்பதுதான் வழக்கமான தவறு. பள்ளிச் சீருடை, வீட்டு வாசல், தெருப் பெயர், அம்மாவின் முகம், குரல் எல்லாமே அடையாளம்தான்.

டீக்கடைக் காட்சியில் பின்னால் பழைய சினிமாப் பாட்டு ஓடுகிறது. பிரச்சினை வருமா?
*– வாசகர், ஈரோடு*

வரும். யூடியூபே கண்டுபிடித்துவிடும். ஒரு பாட்டில் ஒலிப்பதிவு, இசை, வரிகள் என்று தனித்தனி உரிமைகள் இருக்கின்றன. ஒலிப்பதிவுக்கு வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டு. வரிகளுக்கும் இசைக்கும் எழுதியவர் இறந்த ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டு. 1959-ல் மறைந்த பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரத்தின் வரிகளுக்கு அந்தக் காலம் முடிந்துவிட்டது. 1981-ல் மறைந்த கண்ணதாசனின் வரிகளுக்கு 2041 முடிய இருக்கிறது. மெட்டுப் போட்டவர் எம்.எஸ்.வி. என்றால், அவர் மறைந்தது 2015-ல், கணக்கு 2075 வரை போகிறது. பாரதியார் பாட்டுக்குத் தொல்லை இல்லை, அதைப் பாடிய ஒலிப்பதிவுக்கு இருக்கலாம்.

எடுக்கும்போதே கடைக்காரரிடம், ‘அண்ணே, பத்து நிமிஷம் ரேடியோவை நிறுத்துங்க’ என்று கேட்பதுதான் மலிவான வழி. நிறுத்த முடியாவிட்டால், அதே கடையில் ரேடியோ இல்லாத நேரத்தின் சத்தத்தைத் தனியே பதிவு செய்துவந்து எடிட்டில் மாற்றுங்கள்.

ஐ.டி. வேலையில் இருக்கிறேன், வயது 32. ராஜினாமா செய்துவிட்டு முழுநேரமாக ஆவணப்படம் எடுக்கலாமா? இவர்கள் எதை வைத்துச் சாப்பிடுகிறார்கள்?
*– வாசகர், சென்னை*

ராஜினாமா கடிதத்தை எழுதி மேஜை இழுப்பறைக்குள் வையுங்கள், அனுப்ப வேண்டாம். சொந்த ஆவணப்படம் எடுப்பவர்களில் பெரும்பாலானவர்கள் அதிலிருந்து சாப்பிடுவதில்லை. தொண்டு நிறுவனப் படங்கள், கம்பெனிப் படங்கள், அடுத்தவர் படத்துக்குக் கேமரா அல்லது எடிட்டிங், வெளிநாட்டுக் குழுவுக்கு உள்ளூர் ஏற்பாடுகள், கல்லூரியில் வகுப்பு இவைதான் அடுப்பெரிக்கும். இதில் கேவலம் எதுவும் இல்லை. கேவலம், அந்த வேலைக்கு எழுத்தில் ஒப்பந்தம் போடாமல் இறங்குவது. கையெழுத்தின்போது 40 சதவீதம், படப்பிடிப்பு முடிந்ததும் 30, ரஃப் கட்டுக்கு 20, ஒப்படைக்கும்போது 10 என்று கேளுங்கள். திருத்தம் இரண்டு முறை மட்டும், மூன்றாவதுக்குத் தனிக் கட்டணம் என்று எழுதுங்கள். ரஷ் யாருக்குச் சொந்தம் என்பதையும் எழுதுங்கள்.

சொந்தப் படத்துக்குப் பட்ஜெட் போடும்போது எல்லோரும் படப்பிடிப்பு நாட்களை மட்டும் எண்ணுகிறார்கள். ஒரு மணி நேரப் படத்துக்கு ஆய்வு 30 நாள், படப்பிடிப்பு 40 நாள் என்றால் எடிட்டிங் 80 முதல் 100 நாள் என்று வையுங்கள். அதன் பிறகு ஒலி மிக்ஸிங், டிஐ (நிறத் திருத்தம்), சப்டைட்டில், விழா நுழைவுக் கட்டணங்கள், எதிர்பாராததற்குப் பத்து சதவீதம். பாதியில் நின்றுபோகும் படங்கள் அனேகமாக எடிட்டிங் மேஜையில்தான் நிற்கின்றன.

நிதி கேட்க மூன்று முதல் ஐந்து நிமிட மாதிரிக் காட்சி, ஒரு பக்கச் சுருக்கம், படம் எப்படி இருக்கும் என்ற விவரிப்பு, பட்ஜெட் தேவை. அந்த மனிதர்கள் உங்களை வீட்டுக்குள் விடுகிறார்கள் என்பதற்குச் சான்றாக அந்த மாதிரிக் காட்சி இருக்க வேண்டும். ட்ரோன் ஷாட்டும் பின்னணி இசையும் எதையும் நிரூபிக்காது. கொல்கத்தாவின் டாக்எட்ஜ் சந்தையில் உலகத் தயாரிப்பாளர்கள் முன் திட்டத்தைச் சொல்லலாம். ஆம்ஸ்டர்டாம் ஆவணப்பட விழாவின் பெர்த்தா நிதி ஆசிய நாட்டவர்களுக்கும் உண்டு. 1948-ல் தொடங்கிய ஃபிலிம்ஸ் டிவிஷன் 2022-ல் தேசியத் திரைப்பட வளர்ச்சிக் கழகத்தோடு (என்.எஃப்.டி.சி.) இணைக்கப்பட்டுவிட்டது. பழைய விலாசத்துக்கு விண்ணப்பம் அனுப்பிக்கொண்டிருக்க வேண்டாம்.

வெளிநாட்டுப் பணம் வாங்குவதற்கு முன் ஆடிட்டரைப் பாருங்கள். வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம், செய்தி மற்றும் நடப்பு நிகழ்ச்சிகளைத் தயாரிப்பவர்கள் நன்கொடை பெறுவதைத் தடுக்கிறது. வேலைக்கான சம்பளமா, மானியமா என்பது ஒப்பந்த வாசகத்தில்தான் இருக்கிறது. சேவை வருமானம் ஆண்டுக்கு 20 லட்சத்தைத் தாண்டினால் ஜிஎஸ்டி பதிவும் வேண்டும்.

சென்சார் இல்லாமல் படத்தைக் காட்டலாமா?
*– வாசகர், நாகர்கோவில்*

தியேட்டரிலும் பொதுக் காட்சியிலும் 1952 திரைப்படச் சட்டப்படி சான்றிதழ் வேண்டும். திரைப்பட விழாக்களுக்கு விலக்கு உண்டு, ஆனால் விழா நடத்துபவர் மத்திய தகவல் ஒலிபரப்பு அமைச்சகத்திடம் அதைக் கேட்டுப் பெற வேண்டும். அது சடங்கல்ல. 2017-ல் திருவனந்தபுரம் ஆவணப்பட விழாவில் மூன்று படங்களுக்கு அந்த விலக்கு மறுக்கப்பட்டது. சான்றிதழோ விருதோ இருந்தாலும் டிவி கதவு தானாகத் திறந்துவிடாது. ஆவணப்பட இயக்குநர் ஆனந்த் பட்வர்தன் தன் படங்களைத் தூர்தர்ஷனில் காட்ட வைக்க உச்ச நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது, அவற்றில் ஒன்றுக்கான தீர்ப்பு 2006-ல் வந்தது.

படம் முடிந்தது, 42 நிமிடம். உடனே யூடியூபில் போட்டுவிடவா?
*– வாசகி, கோவை*

போடாதீர்கள். பல விழாக்கள் முதல் காட்சி தங்களிடம்தான் நடக்க வேண்டும் என்று கேட்கும். பொதுவில் ஏற்றிவிட்டால் அந்தத் தகுதி போய்விடும். பாஸ்வேர்ட் போட்ட இணைப்பாக வைத்திருங்கள். ஒரு வருடம் விழாக்களுக்கு அனுப்பிவிட்டு பிறகு பொதுவில் விடலாம்.

42 என்பது தர்மசங்கடமான நீளம். ஆஸ்கரின் குறும் ஆவணப்படப் பிரிவில், எழுத்துகள் ஓடுவதையும் சேர்த்து 40 நிமிடம்தான் எல்லை. முதுமலையில் எடுக்கப்பட்டு 2023-ல் அந்த விருதை வாங்கிய ‘தி எலிஃபன்ட் விஸ்பரர்ஸ்’ படமும் அந்த எல்லைக்குள் நின்றதுதான். வெளிநாட்டு டிவிகள் பெரும்பாலும் 52 நிமிடம் கேட்கும். நீங்கள் பத்து நிமிடம் கூட்டுவதை விட இரண்டரை நிமிடம் குறைப்பது எளிது. தொடக்கத்தில் வரும் ட்ரோன் காட்சியையும், முடிவில் மெதுவாக ஏறும் நன்றிப் பட்டியலையும் முதலில் பாருங்கள். அனேகமாக அங்கேயே கிடைத்துவிடும்.